ஈக்குவலண்ட் என்று கொடுத்தார்கள், மாட்டலாமா?

திருப்பூர் பக்கம் எம்பிராய்டரி யூனிட் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இயந்திரத்துக்குள் இருக்கும் 24 வோல்ட், 5 ஆம்பியர் பவர் சப்ளை, கரண்ட் போய் வந்த ஓர் இரவில் ‘பட்’டென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் ஃபியூஸ் உள்ளே கறுத்திருக்கிறது, மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டின் முகம் பிளந்து கிடக்கிறது, அவுட்புட் பக்கம் இருக்கும் மூன்று கண்டன்சர்களில் இரண்டு தலை உப்பியிருக்கின்றன. எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால், “அது வருவதில்லைங்க, ஈக்குவலண்ட் தருகிறேன்” என்று மூன்று பாகங்களைக் கொடுத்திருக்கிறார்கள். 600 வோல்ட், 10 ஆம்பியர் மாஸ்ஃபெட்டுக்குப் பதில் ஐஆர்எஃப் 840. 200 வோல்ட், 20 ஆம்பியர் அவுட்புட் டயோடுக்குப் பதில் 100 வோல்ட், 20 ஆம்பியர் ஷாட்கி வகை டயோடு. 1000 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட், 105 டிகிரி கண்டன்சருக்குப் பதில் அதே 1000, ஆனால் 25 வோல்ட், 85 டிகிரி. கால்கள் எல்லாம் பலகைத் துளையில் சரியாக இறங்குகின்றன. மாட்டிவிடலாமா?

தம்பி, மூன்றையுமே மாட்ட வேண்டாம். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. ஐஆர்எஃப் 840 நல்ல மாஸ்ஃபெட். வேறோர் இடத்தில் நானே போட்டிருக்கிறேன். உங்கள் பலகையில் அந்த இடத்துக்கு அது ஆகாது. ஒரு பாகத்துக்கு மாற்று தேடும்போது எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. அந்தப் பாகம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதன் மேல் என்ன விழுகிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்று பார்க்க வேண்டும். சில இடங்களில் தாராளமாக மாற்றலாம். சில இடங்களில் ஓர் இம்மிகூட நகரக் கூடாது. எது எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் கடையில் யார் என்ன கொடுத்தாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கும், அதுவும் மாஸ்ஃபெட் வெடித்து, ஃபியூஸ் போன பலகையில் அதை வடிக்க வழியே இல்லாமல் போயிருக்கலாம். ஒரு 60 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரையும் அந்தக் கண்டன்சரின் கால்களில் பிடித்து வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்குரூ டிரைவரால் தட்டி வடிக்கிற பழக்கம் வேண்டாம்.

முதலில் மாஸ்ஃபெட். 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் அதன் உச்சம், 1.414-ஆல் பெருக்க, 325 வோல்ட். நம் ஊரில் தறிகள் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை லைனில் 250-ஐத் தாண்டி வருவதை நானே மீட்டரில் பார்த்திருக்கிறேன். அதனால் 265 வரை கணக்கில் வைப்பது நியாயம். அப்போது உச்சம் 375. உங்களுடையது ஒரே மாஸ்ஃபெட் உள்ள ஃப்ளைபேக் வகை. இந்த வகையில் மாஸ்ஃபெட் அணையும் நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் தன் பங்குக்குத் திருப்பி ஒரு மின்னழுத்தத்தை மேலே ஏற்றும். சுமார் 110 வோல்ட் என்று வையுங்கள். அதற்கும் மேலே டிரான்ஸ்ஃபார்மரின் கசிவால் ஊசிமுனை போல ஒரு 80 வோல்ட். 375, 110, 80: மொத்தம் 565. ஐஆர்எஃப் 840 தாங்குவது 500. லைன் சரியாக 230-இல் நின்றால்கூட 515 வந்துவிடுகிறது. மாட்டியவுடன் ஓடும், ஏனென்றால் மாஸ்ஃபெட் கொஞ்ச நேரம் அடிபட்டுத் தாங்கும் சுபாவம் கொண்டது. ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து, ஆர்டர் அவசரத்தில் இருக்கும் ஒரு நாளில் வெடிக்கும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை போல இரண்டு டிரான்சிஸ்டர் மாறி மாறி வேலை செய்யும் அரைப்பாலம் வகையில் ஒவ்வொன்றின் மேலும் அந்த 375 மட்டும்தான் விழும். அங்கே 500 வோல்ட் மாஸ்ஃபெட் போதும்.

அப்படியானால் பெரியதாகவே போட்டுவிடலாமே என்று தோன்றும். மின்னழுத்தத்தில் ஒரு படி மேலே போகலாம்: 600-க்குப் பதில் 650 நல்லது. 900-க்குத் தாவினால் பழைய தலைமுறை மாஸ்ஃபெட்களில் உள் மின்தடை ஏறிவிடும். 10 ஆம்பியர், 600 வோல்ட் உள்ளதில் முக்கால் ஓம் அளவு. 9 ஆம்பியர், 900 வோல்ட் உள்ளதில் ஒன்றேகால் ஓமுக்கு மேல். அந்த வித்தியாசம் முழுவதும் சூடாக வெளியே வரும். ஆம்பியரில் இரண்டு மடங்கு போட்டாலும் சிக்கல் உண்டு. பெரிய மாஸ்ஃபெட்டின் கேட்டை (அதைத் திறந்து மூட ஆணை வாங்கும் காலை) நிரப்ப அதிக மின்னூட்டம் வேண்டும். மாஸ்ஃபெட்டைக் கட்டுப்படுத்தும் சின்ன ஐசி அதைத் தள்ளி நிரப்புவதற்குள் மாஸ்ஃபெட் பாதி திறந்த நிலையில் நின்று கொதிக்கும். ஆகவே 600 அல்லது 650 வோல்ட், 10 முதல் 12 ஆம்பியர். எஃப்க்யூபிஎஃப் 10என்60, எஸ்டிபி 10என்கே60இசட்எஃப்பி போன்றவை இங்கே பொருந்தும்.

அந்த இரண்டு பெயர்களிலும் இருக்கும் ‘பிஎஃப்’, ‘எஃப்பி’ எழுத்துகளைக் கவனியுங்கள். முதுகுப் பக்கமும் பிளாஸ்டிக்கால் மூடிய உறை என்று அதற்குப் பொருள். நீங்கள் கழற்றியதைத் திருப்பிப் பார்த்தால் உலோகமே தெரியாது. கடையில் கொடுத்த 840-இன் முதுகில் உலோகம் பளபளக்கிறது, அல்லவா? அந்த உலோகம், உயர் மின்னழுத்தம் வந்து சேரும் டிரெயின் காலோடு இணைந்தது. அதை அப்படியே சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் முறுக்கினால், ஹீட் சிங்க் வழியாக அலுமினியப் பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறும். எர்த் இருந்தால் அங்கேயே வெடிக்கும். எர்த் இல்லாத கூடத்தில் யாராவது தொடும்வரை காத்திருக்கும். உலோக முதுகு உள்ளதுதான் கிடைக்கிறது என்றால் மைக்கா தகடு அல்லது சிலிக்கான் பேடு, ஸ்குரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ், இரண்டும் போட்டு, முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தொடர்பில்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

டயோடுக்கும் இதே கணக்குத்தான், மறுபுறம் நின்று போட வேண்டும். மாஸ்ஃபெட் திறந்திருக்கும்போது அவுட்புட் டயோடு தலைகீழாக அழுத்தப்படுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் 375 வோல்ட்டை ஏறக்குறைய நாலரை மடங்கு குறைத்துக் கொடுக்கும்: சுமார் 85. அதோடு வெளியே நிற்கும் 24 சேர்ந்தால் 109, அதன் மேல் அதிர்வு வேறு. 100 வோல்ட் ஷாட்கி எப்படித் தாங்கும்? 24 வோல்ட் அவுட்புட் தானே, 45 வோல்ட் டயோடே போதும் என்று நினைத்து எம்பிஆர் 2045 போட்டு எரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது 5 வோல்ட் அவுட்புட்டுக்கு உரியது. உங்களுக்கு எம்பிஆர் 20200 அல்லது எம்யூஆர் 1620. பின்னது ஷாட்கி வகை இல்லை, அதிவேக டயோடு; கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், ஆனால் 5 ஆம்பியருக்குத் தாங்கும், எளிதில் சாகாது.

டயோடில் வேகம் என்று ஒன்று இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1என்4007 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, 1000 வோல்ட் தாங்குகிறது, அதனால் எங்கும் போடலாம் என்ற எண்ணம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அது நொடிக்கு 50 முறை மாறும் லைனுக்கு உரியது. மாஸ்ஃபெட் பக்கத்தில் அந்த ஊசிமுனையை விழுங்குவதற்கென்று ஒரு சின்ன டயோடு இருக்கும். அங்கே நொடிக்கு 60,000 முறைக்கு மேல் மாற்றம் நடக்கிறது. அந்த இடத்தில் யூஎஃப் 4007 அல்லது எஃப்ஆர் 107 போடுங்கள். யூஎஃப் 4007 அணைய 75 நானோ நொடி போதும். பார்வைக்கு 1என்4007 போலவே இருக்கும், உருவத்தை நம்பி மாற்றாதீர்கள்.

இப்போது கண்டன்சர். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான், ஏனென்றால் கொங்கு நாட்டில் பவர் சப்ளை சாவதற்கு முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கிறது. பனியன் கம்பெனியாகட்டும், சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடமாகட்டும், பவர் சப்ளையைத் திறந்தவுடன் முதலில் கண்ணில் படுவது பஞ்சு. சின்ன மின்விசிறியின் கம்பிவலையில் விரல் நகத்தால் ஓரம் பிடித்து இழுத்தால் கம்பளித் துண்டு போல ஒரே இழுப்பில் வட்டமாக உரிந்து வரும். அதற்குப் பின்னால் காற்றே போகவில்லை என்று அர்த்தம். மேலே சிமெண்ட் அட்டைக் கூரை, சித்திரை வெயில். பெட்டிக்குள் 70 டிகிரி சர்வசாதாரணம்.

எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் இருப்பது திரவம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், கூடினால் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதியதும், 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதியதும், ஒரே பெட்டியில் ஒரே சூட்டில் ஓடினால், இரண்டாவது நான்கு மடங்கு காலம் ஓடும். விலை வித்தியாசம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. ஆனால் 105 என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அவுட்புட் கண்டன்சருக்கு உள் மின்தடை குறைவாக இருக்க வேண்டும், அதிவேக மின்னலைகளைத் தாங்க வேண்டும். சாதாரண 105 டிகிரி கண்டன்சரை அங்கே வைத்தால் தன் மின்தடையாலேயே தன்னைச் சூடாக்கிக்கொண்டு மறுபடி உப்பும். கடையில் கேட்கும்போது “லோ இஎஸ்ஆர்”, அதாவது உள் மின்தடை குறைவானது, என்று சொல்லிக் கேளுங்கள். நிச்சிகான் பிடபிள்யூ, ரூபிகான் இசட்எல்எச், பானாசோனிக் எஃப்ஆர் ஆகிய வரிசைகள் இதற்கென்றே செய்தவை.

25 வோல்ட் கண்டன்சரில் 24 வோல்ட் நிற்கலாம்தானே என்று கேட்பீர்கள். நிற்கும், மூச்சு முட்டிக்கொண்டு. இந்தப் பவர் சப்ளைகளில் ஓரத்தில் ஒரு திருகு இருக்கும், அவுட்புட்டை 26, 27 வரை ஏற்றலாம். யாரோ என்றோ ஏற்றி வைத்திருப்பார்கள். 35 வோல்ட்டே சரி. 50 வோல்ட் கிடைத்தால் அதுவும் போடலாம், உருவம் இடம் கொடுத்தால். 10 மில்லிமீட்டர் விட்டமும் 12.5 மில்லிமீட்டர் விட்டமும் ஒரே 5 மில்லிமீட்டர் கால் இடைவெளிதான். 16-க்குப் போனால் ஏழரை ஆகிவிடும், காலை வளைத்துத் திணிக்க வேண்டியிருக்கும். மைக்ரோ ஃபாரட்டில் 1000-க்கு 1200 போட்டால் தவறில்லை. அந்த அளவு வேறுபாடு உற்பத்தியிலேயே உண்டு. உப்பிய இரண்டை மட்டும் மாற்றாமல் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். நன்றாகத் தெரியும் மூன்றாவதும் அதே சூட்டில் அதே வயதைக் கழித்ததுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. உள் மின்தடை குறைவு நல்லது என்பதற்காகத் திடப் பாலிமர் கண்டன்சர்களை அவுட்புட்டில் வரிசையாக வைக்காதீர்கள். அந்தப் பலகையை வடிவமைத்தவர் சாதாரண கண்டன்சரின் சிறு மின்தடையையும் கணக்கில் சேர்த்துத்தான் கட்டுப்பாட்டை அமைத்திருப்பார். அது முற்றிலும் போய்விட்டால் அவுட்புட் நிலைகொள்ளாமல் ஊசலாடும், டிரான்ஸ்ஃபார்மர் சீறும்.

இன்னொரு கண்டன்சரையும் சொல்ல வேண்டும். உப்பியும் இருக்காது, கசிந்தும் இருக்காது: ஐசிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் ஹீட் சிங்க்கை ஒட்டி, விரல் நுனி அளவில் ஒரு 47 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட். ஐசி கண் விழிக்கத் தேவையான மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது அதுதான். அது காய்ந்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் வரை ஓடும். ஒரு முறை கரண்ட் போய் வந்தால் மறுபடி எழாது, ‘டிக் டிக்’ என்று முனகும். “நேற்று வரை ஓடியதுங்க” என்று கொண்டுவரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் இந்தச் சின்னதைத்தான் மாற்றுகிறேன். பெட்டியைத் திறந்தபோதே அதையும் மாற்றிவிடுங்கள், 105 டிகிரியில்.

மாஸ்ஃபெட் தனியாகச் சாவது அபூர்வம். அது ஷார்ட் ஆகும்போது மேலே உள்ள 325 வோல்ட் கேட் வழியாக ஐசிக்குள்ளும், கீழே மின்சாரம் வெளியேறும் சோர்ஸ் காலில் இருக்கும் சிறு மின்தடைக்குள்ளும் இறங்குகிறது. ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ், ஃபியூஸ், கேட் மின்தடை, ஐசி, சோர்ஸ் மின்தடை ஐந்தையும் பார்க்காமல் புது மாஸ்ஃபெட்டை வைத்தால், அதே நொடியில் அதுவும் போகும். சோர்ஸ் மின்தடை உங்கள் பலகையில் 0.33 ஓம், 2 வாட் அளவில் இருக்க வேண்டும். 3842 என்ற அந்தக் கட்டுப்பாட்டு ஐசி அதன் மேல் 1 வோல்ட் வந்ததும் மாஸ்ஃபெட்டை அணைக்கிறது. அதாவது 3 ஆம்பியர் எல்லை. 0.33 இல்லை, 0.22 இருக்கிறது என்று அதைப் போட்டால் எல்லை நாலரை ஆம்பியருக்கு ஏறிவிடும், டிரான்ஸ்ஃபார்மர் நிறைந்து வழியும், மாஸ்ஃபெட் மறுபடி வெடிக்கும். கம்பி சுற்றிய மின்தடையும் வேண்டாம்; சுருள் என்பதால் ஊசிமுனைகளை உண்டாக்கி ஐசியைக் குழப்பும். மெட்டல் ஆக்சைடு வகை வாங்குங்கள். இங்கே ஓர் இம்மிகூட நகரக் கூடாது.

ஐசியிலும் அப்படித்தான். 3842, 3843, 3844, 3845 நான்கும் ஒரே குடும்பம், ஒரே கால் அமைப்பு. ஆனால் 3842, 3844 இரண்டும் 16 வோல்ட்டில் விழித்து 10-இல் உறங்கும். 3843, 3845 இரண்டும் 8.4-இல் விழித்து 7.6-இல் உறங்கும். 3843 இருந்த இடத்தில் 3842 வைத்தால் பெட்டி எழாமலே கிடக்கலாம். 3844-க்குப் பதில் 3842 வைத்தால் இன்னும் மோசம்: வேகம் இரட்டிப்பாகும், பாதி நேரத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்ற காவலும் போய்விடும். கடைசி எண் உள்ளபடியே வேண்டும். முன்னால் இருக்கும் தயாரிப்பாளர் எழுத்து யூசியா கேஏவா என்பது பெரிய விஷயமில்லை.

அவுட்புட் நிலவரத்தை ஒளி வழியாக ஐசிக்குச் சொல்லும் ஆப்டோகப்ளர் பிசி 817 என்றால் ஈஎல் 817, எல்டிவி 817 தாராளமாகப் போடலாம். பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து இருந்தால் அதே எழுத்தாகப் பாருங்கள். அவுட்புட் வோல்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் டிஎல் 431-க்குப் பதில் டிஎல்வி 431 போடாதீர்கள்: முன்னது 2.5 வோல்ட்டை ஆதாரமாகக் கொண்டது, பின்னது 1.24. பலகையின் மேல் ஒட்டும் சின்ன உருவத்தில் டிஎல் 432 என்று ஒன்று வருகிறது. வேலை ஒன்றுதான், கால்கள் இடம் மாறியிருக்கும்.

இனி மனிதர் உயிர் சம்பந்தப்பட்ட பாகம். சில வருடங்களுக்கு முன் ஒரு தறிக்கூடத்தில், இயந்திரத்தின் சென்சார் கம்பியைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று ஓட்டுகிற அம்மா சொல்லியிருக்கிறார். ஈரக் கையோடு தொட்டிருப்பீர்கள் என்று இரண்டு நாள் தள்ளிவிட்டார்கள். நான் போய் 24 வோல்ட்டின் நெகட்டிவ்வுக்கும் சுவர் எர்த்துக்கும் நடுவில் ஒரு பல்பைப் பிடித்தேன், மங்கலாக எரிந்தது. பெட்டியைப் பிரித்தால், டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்கே, லைன் பக்கத்தையும் அவுட்புட் பக்கத்தையும் இணைக்கும் நீலநிற ஒய் கண்டன்சர் இருக்க வேண்டிய இடத்தில், முன்பு யாரோ பழுது பார்த்தபோது 1 கிலோ வோல்ட் எழுதிய சாதாரண செராமிக் வில்லையை வைத்திருந்தார்கள். மைக்ரோ ஃபாரட் அளவு சரி, வோல்ட் எண்ணும் பெரிது. ஆனால் அது உடைந்து ஷார்ட் ஆகிவிட்டது. எர்த் வயரும் பெட்டியில் அறுந்திருந்தது. அந்த அம்மா அன்றைக்குத் தப்பியது ரப்பர் செருப்பால்.

ஒய் வகைக் கண்டன்சர் பழுதானால் ஷார்ட் ஆகாமல் திறந்துபோகும்படி சோதித்துச் செய்யப்படுவது. அதன் மேல் ஒய்1 அல்லது ஒய்2 என்றும் பாதுகாப்பு முத்திரைகளும் இருக்கும். அது கிடைக்கவில்லை என்றால், இன்னொரு செத்த பெட்டியிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் கிடைக்கும் வரை இயந்திரம் நிற்கட்டும். லைனுக்குக் குறுக்கே இருக்கும் எக்ஸ்2 கண்டன்சருக்கும் இதே சட்டம். ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவதைப் பற்றி நான் பேசவே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் பெட்டி ஏன் செத்தது என்பதையும் யோசிக்க வேண்டும். கரண்ட் போய் வந்தபோது என்கிறீர்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாட்களில் இந்த மாதிரிப் பெட்டிகள் என்னிடம் கூட்டமாக வரும். மூன்று பேஸ் வரும் கூடத்தில் நியூட்ரல் எங்காவது தளர்ந்துவிட்டால், 230-க்குச் செய்த பெட்டியின் மேல் 415 வரை ஏறலாம். அதன் உச்சம் 587 வோல்ட். அப்போது எந்த மாஸ்ஃபெட்டும் நிற்காது. ஃபியூஸுக்குப் பின்னால் மிகையாக வரும் வோல்ட்டை விழுங்கும், நீல வில்லை போன்ற வேரிஸ்டர் ஒன்று இருக்கிறதா பாருங்கள், 14டி471 என்று எழுதியிருக்கும். வெடித்திருந்தால் பலர் அதை வெட்டி எறிந்துவிட்டு, “அது இல்லாமலும் ஓடும்” என்று விட்டுவிடுவார்கள். ஓடும். அடுத்த முறை காக்க ஆள் இருக்காது. ஒரு டீ விலைக்குக் கிடைக்கும் பாகம் அது, போட்டுவிடுங்கள். 14டி271 என்பது 110 வோல்ட் நாட்டுக்கு உரியது. தவறி வாங்கினால் மின்சாரம் கொடுத்தவுடன் வெடிக்கும். அங்கே 400 வோல்ட் பெரிய கண்டன்சரையும் சோதியுங்கள். மாற்றுவதானால் 450 வோல்ட். மெயின் போர்டில் நியூட்ரல் திருகுகளை எலக்ட்ரீஷியனை வைத்து இறுக்கச் சொல்லுங்கள்.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாக. 1000 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட், லோ இஎஸ்ஆர் என்றால் சுமார் 12.5 மில்லிமீட்டர் விட்டமும் 20 முதல் 25 வரை உயரமும் இருக்கும். பாதி உருவத்தில் அதே எழுத்தோடு கிடைத்தால் வாங்காதீர்கள். மாஸ்ஃபெட்டில் அச்சு, பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் அழியுமானால் மேலே புதுப்பெயர் எழுதியது என்று சந்தேகப்படலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குச் சொல்லிவிடுவதைவிட, பல நேரம் நான் செத்த பிராண்டட் பெட்டிகளிலிருந்து கழற்றிய மாஸ்ஃபெட், டயோடு, ஒய் கண்டன்சரை நம்புகிறேன். எலக்ட்ரோலிட்டிக் மட்டும் எப்போதும் புதியது.

எல்லாம் மாட்டியபின் நேராக லைனில் சொருகாதீர்கள். ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துக் கொடுங்கள். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் மாஸ்ஃபெட் பிழைத்தது. 24 வோல்ட் வந்ததும் பல்பை எடுத்துவிட்டு, லாரிக்குப் போடும் 24 வோல்ட், 70 வாட் முகப்பு விளக்கு ஒன்றை அவுட்புட்டில் மாட்டுங்கள். நாமக்கல், சங்ககிரி பக்கம் எந்த லாரி உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். 3 ஆம்பியர் அளவு இழுக்கும். மூடியைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெரிய கண்டன்சரை வடித்த பிறகு புது மாஸ்ஃபெட்டையும் டயோடையும் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைத்து நிறுத்த முடிந்தால் இயந்திரத்தில் ஏற்றலாம். நிறுத்த முடியவில்லை என்றால் எந்தப் பாகம் சுடுகிறது, அதில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று குறித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.